மனுதாரர் உறங்கினார்

போன நவம்பரில் எங்கள் வீட்டுக் கட்டில் நடக்க ஆரம்பித்தது. ராத்திரி படுக்கையறையில் சுவரோரம் படுப்போம். காலையில் கண்விழித்தால் கூடத்தில், டிவிக்கு முன்னால் கிடப்போம். ஒரு ராத்திரிக்கு நாலடி. சனிக்கிழமைகளில் ஆறடி. வாசற்படி மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குக் கட்டிலோடு போய் இறங்கியிருப்போம்.

காரணம் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடி. அங்கே ஸ்டீபன்ராஜ் என்கிற பையன் 'நைட் நிலா' என்று ஒன்றைத் திறந்திருந்தான். போர்டில் ரெஸ்டாரண்ட் என்று போட்டிருந்தது. டம்ளரில் ஊற்றுவது மோர் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்குப் பாட்டுத் தொடங்கினால் ஒரு மணி வரைக்கும் ஓயாது. பாட்டு என்ன பாட்டு, டும் டும் என்று வயிற்றுக்குள் இடிக்கும், அவ்வளவுதான்.

பாலக்கரையில் எங்கள் சந்து முழுக்க இதன் விளைவுகளைப் பார்த்தது. இட்லி மாவு அரைத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு நல்லுசாமியின் பசு பாலுக்குப் பதிலாக நேரடியாக வெண்ணெய் கொடுத்தது. அவர் முதல் வாரம் சந்தோஷப்பட்டார். இரண்டாவது வாரம் காபிக்குப் பால் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கசாமி போன் செய்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் என்னோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

"ஓய் பாக்கியநாதன், உங்க பக்கம் என்ன நடக்கறது? எங்காத்து ஊஞ்சல் ராத்திரி எட்டு மணியானா தானா ஆடறது. ஒரு மணிக்கு நிக்கறது. பெருமாளே வந்து எழுந்தருளியிருக்காரோன்னு நாலு நாளா பாலும் பழமும் வெச்சிண்டிருக்கேன்."

நடுவில் காவிரி ஓடுகிறது. பாலத்தில் போனாலும் அரை மணி நேரம் ஆகும்.

"அது பெருமாள் இல்ல ரங்கசாமி. ஸ்டீபன்ராஜ்" என்றேன்.

"அப்போ பழத்தை நானே சாப்பிட்டுடலாமா?" என்று கேட்டார்.

எனக்கு இதெல்லாம் ஒரு தொந்தரவாகவே இல்லை. இடது காது பிறவியிலேயே மந்தம். வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துவிட்டால் கட்டில் எந்த ஊருக்குப் போனாலும் எனக்குக் கவலை கிடையாது. கஷ்டப்பட்டது என் மனைவி லூர்துராணி. ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நாற்பத்தொரு ராத்திரி அவள் கண்ணை மூடவில்லை. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பக்கத்தில் நான் தூங்கியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, ஒரு நாளாவது என்கூட முழிச்சிருக்கணும்னு உங்களுக்குத் தோணுதா?"

"முழிச்சிருந்து நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். கொட்டுக்கொட்டுன்னு உக்காந்திருங்க. எனக்குத் துணையா."

அன்றைக்கு உண்மையாகவே முயற்சி செய்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்தரைக்குத் தூங்கிவிட்டேன். நிமிர்ந்தபடியேதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் மணப்பாறையில் இருக்கும் எங்கள் மகள் சுஜாவுக்கு அவள் போன் போட்டாள்.

"வர்ற சனிக்கிழமை பேங்க் முடிஞ்சதும் கார எடுத்துக்கிட்டு வந்துரு. நான் உன்கூட வந்துடறேன்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"பெட்டியில எத்தனை சேலை புடிக்குதோ அத்தனை நாளைக்கு."

கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பெட்டியை இழுத்தாள். அதில் ஒரு துணிக்கடையையே மடித்து வைக்கலாம்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க எதுக்கு? உங்களுக்குத்தான் இங்க நல்லாத் தூக்கம் வருதே."

நாற்பத்தாறு வருஷத்தில் அவள் என்னோடு பேசாமல் இருந்தது உண்டு. ஒரு தடவை தவக்காலம் நாற்பது நாளும் பேசவில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னதே இல்லை. அன்று மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மனு நாள். லூர்துராணி பேரில் ஒரு மனு எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு வேறொரு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மறுநாளே பீமராவ் என்று ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த விஷயத்தில் நம்ப முடியாத இடம் இது ஒன்றுதான்.

வந்தது காலை பதினோரு மணிக்கு. கையில் சத்தத்தை அளக்கும் மீட்டர். அதை எங்கள் வாசலில் நீட்டிப் பிடித்தார். நல்லுசாமியின் பசு அசைபோடுவது மட்டும் அதில் பதிவானது.

"சத்தமே இல்லியே சார்."

"ராத்திரியிலதானேங்க வருது."

"ராத்திரி எனக்கு ஆபீஸ் கிடையாது. மீட்டரை அஞ்சே முக்காலுக்கு பீரோவுல வெச்சுப் பூட்டிடணும். மீட்டர் இல்லாம நான் வந்து என்ன செய்யறது, காதால கேக்கறதா? காதுல கேட்டது ரிக்கார்டுல ஏறாது சார்." கொஞ்ச நேரம் யோசித்தார். நல்ல மனிதர். "அந்தச் சத்தத்தைப் பகல்ல வைக்கச் சொல்லிப் பாருங்களேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்டீபன்ராஜிடம் போனேன். அஞ்சாம் வகுப்பில் லூர்துராணியிடம் படித்தவன்.

"டீச்சர் தூங்கலியா? ஐயையோ! ஏன் சார் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"அறுபது வாட்டி சொல்லியிருப்பேன்."

"எப்ப?"

"ராத்திரியில, கீழ நின்னு."

"ராத்திரியில எனக்கு எங்க சார் காது கேக்குது?"

சத்தத்தைக் குறைக்க முடியாது என்றான். அடுத்த தெருவில் இன்னொருத்தன் இதேபோல வைத்திருக்கிறானாம். இவன் குறைத்தால் இவனுடைய மாடியில் அவனுடைய பாட்டுதான் கேட்குமாம். "ஆனா பகல்ல வெக்கிறதுதானே? டீச்சருக்காக வெக்கிறேன் சார்" என்றான். தன்மேல் வந்த புகாரை நிரூபிக்க இவ்வளவு சந்தோஷமாக உதவி செய்தவனை நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணி என்று முடிவாயிற்று. பாட்டுப் போடுகிற ஜெஸ்வின் தூக்கக் கலக்கத்தோடு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தான். பாட்டு மட்டும் போதாது, கூட்டம் போடுகிற கூச்சலும் சேர்ந்தால்தான் சரியான அளவு கிடைக்கும் என்று பீமராவ் சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்குக் கூட்டத்துக்கு எங்கே போவது? எங்கள் அன்பியத்தைக் கூப்பிட்டேன். தெருவில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாராவாரம் கூடிச் செபம் சொல்கிற குழு அது. பாக்கியமேரி தலைமையில் இருபது பெண்கள் மாடி ஏறி, எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமலே மனசாரக் கத்தினார்கள்.

கீழே படுக்கையறையில் பீமராவ் ஒரு படிவத்தை எடுத்தார்.

"ஏழாவது காலம் பாருங்க. 'மனுதாரரின் உறக்கம் கெடுவதை அலுவலர் நேரில் கண்டு உறுதி செய்தல்.' அம்மா, கொஞ்சம் படுத்துக்கறீங்களா?"

"இப்பவா?" என்றாள் லூர்துராணி.

"பாட்டு போடச் சொல்லிட்டேம்மா."

வெளி ஆள் முன்னால் படுக்கக் கூச்சப்பட்டு, கழுத்து வரைக்கும் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். மேலே டும் என்று ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மீட்டரில் தொண்ணூற்று நான்கு. கட்டில் மெதுவாகக் கிளம்பியது. பீமராவ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

லூர்துராணி தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தைந்து ராத்திரித் தூக்கம் ஒரே மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் இருமினேன். ஸ்டூலைத் தள்ளினேன். ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டேன். அந்தச் சத்தத்தில் அது பூ விழுந்த மாதிரி இருந்தது. தோளைத் தொட்டு எழுப்பக் கையை நீட்டினேன்.

"சார்! மனுதாரரைத் தொடக்கூடாது" என்று காதருகே கத்தினார் பீமராவ். "அப்புறம் அது நீங்க கலைச்ச தூக்கமாயிடும். சத்தம் கலைச்ச தூக்கமா ஆகாது."

ஒரு மணி நேரம் காத்திருந்தார். நியாயமான ஆள், பத்து நிமிஷம் கூடவே கொடுத்தார். பிறகு எழுதினார்: 'தொண்ணூற்று நான்கு டெசிபல் அளவில் மனுதாரர் ஆழ்ந்து உறங்கினார். மனு முடித்து வைக்கப்படுகிறது.' பிரதி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டும்போது சொன்னார், "இனிமே நீங்க தொடலாம் சார்."

சாயங்காலம் நாலரைக்கு அவள் எழுந்தாள். காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

"தொடக்கூடாதுன்னுட்டாரு."

"நாப்பத்தாறு வருசமா யார் சொன்னதையும் கேக்காத மனுசன், இன்னைக்குப் பாத்து கேட்டீங்களாக்கும்!"

இரண்டாவது பெட்டியையும் இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் வலது காதை அழுத்திப் படுத்துப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை. பதினோரு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு 'நைட் நிலா'வுக்கு ஏறினேன். பச்சையும் சிவப்புமாக விளக்கு சுழன்றது. ஸ்டீபன்ராஜ் வாயை அசைத்தான். நானும் அசைத்தேன். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்குள் போனான். வெங்காய மூட்டை, தண்ணீர் கேன், உடைந்த நாற்காலிகள்.

அங்கே சுவர்க் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. எனக்கு!

"பேசணும்னா இங்கதான் சார் வரணும்" என்றான். "எல்லா பாக்ஸும் அந்தப் பக்கம் பாத்து நிக்குது. பின்பக்கம் ஒண்ணும் வராது."

"அந்தப் பக்கம்னா?"

"உங்க வீட்டுப் பக்கம்."

"ஏண்டா எங்க வீட்டப் பாத்து வெச்ச?"

"நானா வெச்சேன்? வாஸ்துக்காரர் வெச்சாரு. சத்தம் கன்னி மூலையில தங்கக் கூடாதாம். அக்னி மூலை வழியா வெளிய போயிடணுமாம்."

"நீ ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசகம் வாசிக்கிறவன்டா!"

"வாசகம் கோயிலுக்கு சார். கடைக்கு வாஸ்து."

அவனைத் திட்டுவதற்காகத்தான் போயிருந்தேன். ஆனால் என் கண் அதற்குள் வெங்காய மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தை அளந்துகொண்டிருந்தது. ஆறரைக்கு ஐந்தடி தாராளமாகத் தேறும்.

சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு லூர்துராணி இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து சுஜாவுக்காகக் காத்திருந்தாள். பேங்கில் ஏதோ ஆடிட், கிளம்ப நேரமாகும் என்று போன் வந்திருந்தது. நானும் ஸ்டீபன்ராஜும் ஜெஸ்வினும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து போனோம்.

"கட்டில எங்க கொண்டுட்டுப் போறீங்க?"

"வா, காட்டறேன்."

"அந்த மாடிக்கா? நானா? என் பொணம்கூட அங்க ஏறாது."

"டீச்சர், ஒரே ஒரு வாட்டி வந்து பாத்துட்டுத் திட்டுங்க" என்றான் ஸ்டீபன்ராஜ்.

திட்டலாம் என்றதும் வந்தாள். கையில் செபமாலையோடு படியேறினாள். மாடியில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். "குட் ஈவ்னிங் டீச்சர்" என்று ராகம் போட்டுச் சொன்னது அந்தப் பாட்டையும் மீறிக் கேட்டது. "உக்காருங்க" என்று கையைக் காட்டிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து செபமாலையை உருட்டினாள். கட்டில் நகரவில்லை.

"என்னங்க, சத்தமே காணோம்."

"ஆமா."

"வெங்காய வாடைதான் அடிக்குது."

"அது பழகிடும்."

"நீங்க இப்ப குறட்டை விடப் போறீங்களா?"

"இல்ல. நீ படு. நான் முழிச்சிருக்கேன். துணைக்கு."

அவள் நம்பவில்லை. ஆனால் படுத்தாள். நான் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தேன். சுஜா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில்கூட நான் தூங்கிவிட்டதைப் பற்றி ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். பார்த்தால் தூங்கியிருந்தாள். மணி பத்தே கால். நான் தொடவில்லை. ஒன்பது, பத்து என்று கேன்களை எண்ணினேன். திருப்பி எண்ணினேன். காலில் எறும்பு கடித்தபோது அதற்கு நன்றி சொன்னேன். பன்னிரண்டேகால் வரைக்கும் முழித்திருந்தேன். இது சத்தியம்.

அப்புறம் நடந்தது ஜெஸ்வின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டரைக்கு சுஜா கார்ச் சாவியோடு வந்திருக்கிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது, ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டிலைக் காணவில்லை. நல்லுசாமி மாடியைக் காட்டியிருக்கிறார். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி வந்து, அறைக் கதவைத் தள்ளினாள்.

"அம்மா! என்னம்மா இது? பெட்டியெல்லாம் கட்டிட்டு, குடிக்கிற எடத்துல வந்து ரெண்டு பேரும்..."

லூர்துராணி தலையைத் தூக்கினாள். மூட்டைமேல் சாய்ந்து கிடந்த என் மேல் அவளுடைய போர்வை போர்த்தியிருந்தது. உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதடி. உங்கப்பா இப்பத்தான் கண்ணசந்தாரு."