அவரைக்குப் போன ஒளுத் தண்ணீர்

எங்கள் வீட்டு அவரையைப் போல வெட்கங்கெட்ட கொடி அறுபத்தாறாம் வருடம் பரங்கிப்பேட்டையில் வேறெங்கும் இருந்திருக்காது. பந்தல் தாங்காத அளவுக்கு இலை. மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூ. விடிந்து பார்த்தால் அத்தனையும் தரையில் கிடக்கும். கூட்டிக் கூட்டி என் இடுப்பு ஒடிந்தது.

விதை போட்டவர் என் மாமனார் குலாம் முகம்மது. என் கணவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறிப் போயிருந்ததால் வீட்டில் நானும் மாமாவும்தான். மாமி மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு மாமா எதையும் கேட்டுச் சாப்பிட்டதில்லை. வைத்ததைத் தின்றுவிட்டு எழுந்து போவார். அந்த வருடம்தான் வாய் திறந்து ஒன்று கேட்டார்.

"நம்ம பந்தல்ல காய்ச்ச அவரக்காய சென்னாக்கூனி போட்டு ஒரு நாளு ஆக்கிக் குடு மெகரு. உங்க மாமி ஆக்குவா."

பொடி இறால் கருவாடான சென்னாக்கூனி பானை நிறைய இருந்தது. காய்தான் இல்லை. கடையில் வாங்கி ஆக்குகிறேன் என்றால் வேண்டாம் என்பார். புளித்த மோர் தெளித்தேன். சாம்பல் தூவினேன். காய்க்காத கொடியைத் துடைப்பத்தால் அடித்தால் ரோஷம் வந்து காய்க்கும் என்று பக்கத்து வீட்டு சுல்தானா சொன்னாள். அடித்தேன். ரோஷம் எனக்குத்தான் வந்தது.

விதை கொடுத்த கொளஞ்சியப்பன் அண்ணாகிராமத்திலிருந்து முந்திரி கொண்டுவந்தபோது கொடியைப் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்திங்க மாமா. வேரு காஞ்சாத்தான் பூ நிக்கும். கொஞ்ச நாளைக்கு ஊத்தாதீங்க."

அன்றே குடத்தை நிறுத்தினேன். மழையும் விட்டிருந்தது. ஆனால் தை பிறந்தும் வேரடியில் மண் சேறாகவே இருந்தது. கடலோர ஊர், பனி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவும் அதையேதான் சொன்னார், கையில் கெண்டியோடு நின்றபடி. கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துதான் அவர் ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஒளு செய்வார். முகமும் கையும் காலும் கழுவிய அந்த நீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, யார் காலிலும் மிதிபடக் கூடாது என்று சின்ன வாய்க்கால் கிள்ளி அவரைக்கு விட்டிருந்தார்.

தை நடுவில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. பஸ்ஸில் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனேன். தண்ணீரில் கையே வைக்கக் கூடாது என்றார் டாக்டர். அதன் பிறகு மாமா கட்டிலிலேயே கிடந்தார். ஒளுவுக்குப் பதிலாக மண்ணில் கை தட்டி முகத்தில் தடவித் தயம்மும் செய்து, படுத்தபடியே தொழுதார். கெண்டி கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது.

பூ உதிராமல் நின்றது. ஒரு நாள் காலையில் பார்த்தேன், கொத்துக்குக் கொத்து பிஞ்சு. சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப் போய்ச் சொன்னேன்.

மாமா சிரித்தார். இருமல் வந்தது. "நான் படுத்த நேரம் பாத்துக் காய்ச்சிடுச்சா? எந்திரிச்சதும் ஒளு செஞ்சு அதுக்குத் தண்ணி விடணும். காஞ்சு போயிருக்கும், பாவம்."

எனக்குச் சுரீரென்றது. வெளியே வந்து வேரடியில் கை வைத்தேன். மண் வெடித்திருந்தது. ஒளுத் தண்ணீரும் தண்ணீர்தான் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை. ஆசையாகக் கேட்டவரே தினமும் அந்தப் பூவை உதிர்த்திருக்கிறார். அவர் படுத்தால்தான் காய்ப்பேன் என்று இருந்திருக்கிறது இந்தப் பாழாய்ப் போன கொடி. காயே வேண்டாம், மாமா எழுந்து கல்லில் உட்கார்ந்தால் போதும் என்று அல்லாவிடம் அழுதேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிஞ்சு காயாவதற்குள் மாமா மவுத்தாகிவிட்டார்.

மாமாவுக்காக வீட்டில் பாத்திஹா ஓதிய அன்று பந்தல் முழுக்கக் காய் தொங்கியது. சுல்தானா வாயில் கை வைத்தாள். "பெரியவரோட பரக்கத்து மெகரு! எப்புடிக் காய்ச்சிருக்கு பாரு!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒன்று விடாமல் பறித்து அவள் முறத்தில் கொட்டினேன். "எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்."

எல்லோரும் போன பிறகு சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது. கெண்டியில் தண்ணீர் மொண்டு மாமாவின் கல்லில் உட்கார்ந்தேன். என் ஒளுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி அவரைக்குப் போனது. மறுநாளும் அங்கேதான் செய்தேன், ஐந்து வேளையும். மாசி முடிவதற்குள் மிச்சமிருந்த பூவெல்லாம் கொட்டியது. அதைக் கூட்டும்போதுதான் மாமா வீட்டில் இருப்பது போல இருந்தது.