பீரோவில் இருக்கும் சான்றிதழ்கள்

1

"என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டக் குடுங்க சார்."

கதை இந்த வரியில்தான் பிறந்தது. ஐயப்பன்தாங்கல் டிப்போவில் என் பக்கத்தில் நின்ற பெண் இதைத் தனக்குத்தானே நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கெஞ்சலாக. ஒரு தடவை தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாக. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். பெயர் தெரியாது. அனுசுயா என்று வைத்தது நான்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இந்தக் கதையில் நடுநிலை கிடைக்காது.

2

"அம்பத்தூர் எஸ்டேட்டில் அன்று காலை மழை பெய்து" — வேண்டாம். மழையைப் போட்டால் அவளுக்காக இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். அவளுக்கு அது பிடிக்காது.

"இணையக் கடைகளைக் கட்டத் தெரிந்த திறமையான டெவலப்பர்களின் தேவை நாளுக்கு நாள்" — கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்தாயிற்று.

இது நிற்கட்டும்: பாரிவாக்கம் கோவிந்தன் மகள் அனுசுயா, வயது இருபத்து நாலு, எஸ்டேட்டில் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு வருடம் எட்டு மாதமாக வேலை செய்கிறாள். புடவைக்கடை, ஊறுகாய்க் கம்பெனி, சைக்கிள் உதிரிபாகம் விற்பவர் என்று யார் வந்தாலும் அவர்களுக்கு இணையத்தில் ஒரு கடை கட்டித் தரும் கம்பெனி. அனுபவசாலிகளை எடுக்க முதலாளி வெங்கட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே படித்து முடித்ததும் வருகிறவர்களை எடுத்து, மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடம் விட்டுப் போகமாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்து வாங்குவார். அசல் சான்றிதழ்கள் அவர் அறை பீரோவுக்குள் போய்விடும்.

அனுசுயாவின் பாண்டு முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் சான்றிதழைக் கேட்கவில்லை. சேர்ந்த அன்றே சீனியர் சரவணக்குமார் சொல்லி வைத்திருந்தான்: "எத்த வேணா கேளும்மா, பீரோல கீறத மட்டும் கேக்காத. கேட்டா கெளம்புறன்னு அர்த்தம். அடுத்த நாளே வேலையப் புடுங்கிட்டு ஓரமா உக்கார வச்சிருவாரு."

[சரவணக்குமாருக்கு ஐந்து வருடம் ஆயிற்று. அவனும் கேட்கவில்லை.]

3

வெங்கட் ஒரு கொடூரமான

இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. எனக்குத் தேவை ஒரு வில்லன். ஆனால் அனுசுயாவின் ஞாபகத்தில் வேறொரு ஆள் இருக்கிறார்.

அவள் சேர்ந்த ஐந்தாம் மாதம், தீபாவளித் தள்ளுபடி அன்று ஒரு புடவைக்கடையின் தளத்தைத் திறந்துவிட்டாள். பணம் வாங்கும் இடத்தைச் சோதனை முறையிலேயே விட்டிருந்தது மத்தியானம்தான் தெரிந்தது. நானூற்றுச் சொச்சம் பேர் புடவை வாங்கியிருந்தார்கள், ஒருவரிடமிருந்தும் ஒரு பைசா வரவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவளுக்கு வெளியே வெங்கட் போனில் பேசுவது கேட்டது.

"பசங்க மேல தப்பு இல்ல சார். நான்தான் பாக்காம வுட்டேன். என்னத் திட்டுங்க."

பிறகு கதவைத் தட்டி, "அனு, வெளிய வா. டீ ஆறுது" என்றார். அந்தத் தப்பைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படிப்பட்டவரை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள். கோபத்தோடு எழுத உட்கார்ந்தவளுக்குக் கோபம் நிற்கிற இடம் கிடைக்கவில்லை.

4

சம்பவத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கிண்டியில் ஒரு பெரிய கம்பெனி அனுசுயாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களைக் காட்டினால்தான் வேலை. அவள் கேட்டேவிட்டாள்.

வெங்கட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க?"

"கிண்டி சார்."

"சந்தோஷம். நெசமாத்தான் சொல்றேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ போனா புதுசா வந்த அந்த ஆறு பசங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

"சரவணக்குமார் அண்ணா கீறாரு."

"அவன் கிட்ட அதுங்க பேசவே பயப்படுது. ஒண்ணு பண்ணு. இன்னிக்கு அதுங்க ஒரிஜினல வாங்கணும். நீ கேட்டா குடுக்கும், நான் கேட்டா யோசிக்கும். ஆறையும் வாங்கிக் கொணாந்து வை. உன்னோடத எடுத்துக்கினு போ. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. மகளுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார். அவள் பயிற்சி அறைப் பக்கம் நடந்தாள்.

(வாங்கிக் கொடுத்துவிடு அனுசுயா, திங்கட்கிழமை முக்கியம், உன் அப்பா இன்னும் லாரியில் மூட்டை ஏற்றுகிறார் என்று இந்த இடத்தில் நானே எழுதினேன். எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும்.)

5

பயிற்சி அறையில் ஆறு பேரும் இருந்தார்கள். ஒரு வாரமாக அவளிடம் படிக்கிறவர்கள். கடைக்குள் வருகிறவரைத் தளம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதற்கு, மாங்காடு கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கனைச் சொல்லித்தான் புரியவைத்திருந்தாள்.

ஆவடி குவார்ட்டர்ஸ் பையன் கிஷோர் வழக்கம்போல ஆரம்பித்தான். "அக்கா, ராத்திரி பூரா யோசிச்சேன். டோக்கன் தொலஞ்சா இன்னா பண்றது?"

"இருக்குறதுல நல்ல செருப்பாப் பாத்து மாட்டிக்கினு போடா."

சிரித்தார்கள். ஜோதிகா மட்டும் சிரிக்கவில்லை. ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய ஃபைலை மடியில் வைத்திருந்தாள்.

"ஒரிஜினல் கொண்டாரச் சொன்னாங்களே, கொணாந்துட்டேன்கா. எங்கம்மா ஒரு வாரமாத் தலகாணிக்கு அடியில வச்சுகினு தூங்குச்சு. பத்திரமா வச்சிப்பாங்கல்ல?"

அனுசுயா கையை நீட்டினாள். ஜோதிகா கொடுத்தாள். ஒரு பட்டம், எட்டு மதிப்பெண் பட்டியல். கனமே இல்லை. இது உள்ளே போனால் இந்தப் பெண்ணும் ஒரு நாள் ஏதோ ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்று, கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்கப் பழகிக்கொண்டிருப்பாள். இது என் வாக்கியம் இல்லை, அனுசுயாவுடையது.

ஃபைலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒருத்தரும் ஒரிஜினல் குடுக்காதீங்க. ஜெராக்ஸ் குடுங்க. வேலைய ஒழுங்காக் கத்துக்கோங்க, இங்க நல்லா சொல்லிக் குடுப்பாங்க. ஆனா ஒரிஜினல் உங்க ஊட்லதான் இருக்கணும்."

"குடுக்கலன்னா வேலைய வுட்டு அனுப்பிருவாங்களாக்கா?" என்றாள் ஜோதிகா.

"ஆறு பேரையும் அனுப்பிட்டு யார வச்சு கட கட்டுவாரு? ஒண்ணா நில்லுங்க."

திரும்பினாள். வாசலில் வெங்கட் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"அனு..." என்றார்.

6

இங்கே மூன்று முடிவு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் வெங்கட் பீரோவைத் திறக்கிறார். ஒன்றில் அவள் ஆவடியில் போலீஸில் புகார் கொடுக்கிறாள். மூன்றாவதில் திங்கட்கிழமை கிண்டியில் சான்றிதழ் காட்ட ஒரு வாரம் தவணை கேட்கிறாள். அங்கே எதிரில் இருப்பவர் முகத்தை எனக்கு எழுத வரவில்லை.

எதையும் சேர்க்கப்போவதில்லை. சாவி வெங்கட்டின் சட்டைப் பையில் இருக்கிறது. அவரை நல்லவராக்க எனக்கு மனசு வரவில்லை, கெட்டவராக்கக் கை வரவில்லை. உங்களால் முடிந்தால் செய்யுங்கள். அவர் உங்கள் பொறுப்பு.

அனுசுயா உங்கள் பொறுப்பும் இல்லை, என் பொறுப்பும் இல்லை. மேசையிலிருந்து கைப்பையை எடுத்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். "வரேன் சார். உடம்பப் பாத்துக்கோங்க" என்றாள், மனதார. கடைசியாக ஒரு தடவை அவளைப் பீரோ பக்கம் பார்க்கவைக்க முயன்றேன். எழுதுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அவள் பார்க்கவில்லை. படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.