நாலாவது கேள்விக்குப் பதில்

சண்முகவடிவின் தாள் இரண்டாவது தடவையும் சிவப்புப் பென்சில் கோட்டோடு திரும்பி வந்தது. நாலாவது கேள்விக்கு அவள் எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் ‘இது பதில் இல்லை’ என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தார் மாஸ்டர். அவள் தாளை மடித்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“மாஸ்டர், எனக்கு எழுத வராதுங்க. பேச வரும். இப்பவே பேசிக் காட்டுறேன், நீங்க கேட்டு எழுதிக்கிங்க.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஹலீம் மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்கு இருபத்துமூன்று வயதுதான். ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பக்கீர் முதலாளியின் மகன். கிழமை நாட்களில் பாடசாலையில் படிப்பிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிற்சங்கக் காரியாலயத்து மாடியில், தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் இருபது பேருக்குப் பேச்சு வகுப்பு எடுப்பார். வடிவு அவரைவிட ஆறு வயது மூத்தவள்.

“பேசினீங்கன்னா நல்லாத்தான் இருக்கும், அக்கா. எல்லாரும் கை தட்டுவோம். கைதட்டு வாங்கவா நோர்வூட்ல இருந்து பஸ் ஏறி வாறீங்க?”

“இல்லைங்க.”

“அப்ப எழுதுங்க. தாள் இல்லாம பேச்சு இல்லை.”

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் வருடத்தின் கடைசி. எட்டு ஞாயிறு நடக்கும் அந்த வகுப்பில் முடிவாக ஒவ்வொருவரும் ஒரு பேச்சுப் பேச வேண்டும். சும்மா முழங்குகிற பேச்சு இல்லை. மறுக்கிற ஓர் ஆளைச் சம்மதிக்க வைக்கிற பேச்சு. அதற்கு முன்னால் ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். யாரிடம் பேசுகிறாய்? அவர் என்ன செய்ய வேண்டும்? எதற்காகச் செய்ய வேண்டும்? அவர் ஏன் மாட்டேன் என்பார்? அதற்கு நீ என்ன சொல்வாய்? மாஸ்டர் ஒப்புக்கொண்ட தாளை வைத்திருப்பவர்தான் பேசலாம். பேச்சு எடுபட்டால் சங்கப் பிரதிநிதி பொன்னையா அந்த விஷயத்தை அந்தந்தத் தோட்டத்து நிர்வாகியான துரையிடம் கொண்டுபோவார், பேசியவரையும் கூடவே கூட்டிப்போவார்.

வடிவை அவள் தோட்டத்தின் மேற்பிரிவுப் பெண்கள் இந்த வகுப்புக்கு அனுப்பியதே அதற்காகத்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் அவள் மூன்று சொல் திருப்பிக் கொடுப்பாள். அவள் வாய் திறந்தால் மலை முழுக்கக் கேட்கும் என்பார்கள்.

அவர்கள் கேட்க விரும்பியது ஒரே ஒரு விஷயம். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா, தோட்டத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் ஃபெக்டரிக்குப் பக்கத்தில். மேற்பிரிவுத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து ஒன்றரை மைல் இறக்கம். விடியற்காலையில் பிள்ளையைச் சாக்குக்குள் பொத்திக்கொண்டு இறங்கி, விட்டுவிட்டு, அதே பாதையில் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு ஏறி வர வேண்டும். பகலில் பால் கொடுக்க மறுபடியும் இறங்கி ஏற வேண்டும். வடிவின் மகளுக்கு எட்டு மாதம். பகல் இடைவேளையில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு எட்டு மாதமாகிவிட்டது. ரொட்டியை நடந்துகொண்டேதான் கடித்தாள்.

இதெல்லாம் அவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்ததால், முதல் தாளில் மூன்றாவது கேள்விக்கே இரண்டு பக்கமும் நிரம்பி வழிந்தது. நாலாவதுக்கு ஒரே வரி: ‘துரைக்கு மனசு இல்லை.’ இரண்டாம் தாளில் அதையே கொஞ்சம் மாற்றி, ‘துரைக்கு ஏழைகள் மேல் இரக்கம் இல்லை’ என்று எழுதினாள்.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் படிக்கட்டருகே அவளை நிறுத்தினார்.

“அக்கா, மனசே இல்லாத ஆள்கிட்ட பேசி என்ன பயன்? பேசத் தேவையில்லையே. அவருக்கும் ஏதோ ஒரு நியாயம் இருக்கும். அது தப்பான நியாயமாவே இருக்கட்டும். அதைத் தெரிஞ்சுக்காம எப்படி உடைப்பீங்க?”

“தொரை பக்கத்து நியாயத்த நான் எழுதணுமா?”

“நீங்கதான் எழுதணும்.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சின்னப் பையன் தன்னை வேண்டுமென்றே அலைக்கழிக்கிறான் என்றே நினைத்தாள். லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் கணவன் வீரய்யா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

“என்ன, திரும்பவும் சிவப்பா?”

“தொரை ஏன் மாட்டேன்னு சொல்லுவாருன்னு எழுதணுமாம். எனக்கு என்ன தெரியும்? நான் என்ன அவரு வயித்துக்குள்ள இருக்கேனா?”

“தெரியாட்டி தெரிஞ்சவங்கள கேளு” என்றான் வீரய்யா, பிள்ளையை அவளிடம் நீட்டியபடி. அவன் அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க அது அவள் காதிலேயே நின்றது. தெரிந்தவர் யார்?

மறுநாள் பகல் நிறுவை முடிந்ததும் அவள் நேரே கண்டாக்கையாவிடம் போய் நின்றாள். மலைவேலை முழுவதையும் மேற்பார்க்கிற உத்தியோகத்தர் அவர். தினமும் துரையோடு பேசுகிறவர். அவள் வருவதைப் பார்த்ததுமே, சண்டைக்கு வருகிறாள் என்று குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“என்னா, நிறுவையில குறையா?”

“இல்லைங்கய்யா. ஒரு விஷயம் கேக்கணும். மேப்பிரிவுக்கு ஒரு பிள்ளைக்காம்பரா கேட்டா, தொரை ஏன் முடியாதுன்னு சொல்லுவாரு?”

அவர் அவளை உற்றுப் பார்த்தார்.

“ஏன், கேக்கப் போறீங்களா?”

“அது அப்பறம். தொரை பக்கத்து நியாயம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். எனக்கு ஒண்ணும் வெளங்கல. அதான் ஒங்ககிட்ட வந்தேன்.”

பதினாறு வருட உத்தியோகத்தில் கண்டாக்கையாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அவர் குடையை ஊன்றிக்கொண்டு விரல் மடக்கினார்.

“மொதல்ல தண்ணி. மேல தண்ணி வர்ற பீலி கெடையாது. பிள்ளைகள வச்சுகிட்டு என்னத்த வச்சு கழுவுறது? ரெண்டாவது, கட்டடம். புதுசா கட்டணும்னா கொழும்புக்கு எழுதணும். மூணாவது, மேப்பிரிவுல இருந்து பதிவுல இருக்கிறது பதினோரு பிள்ளை. பதினோரு பிள்ளைக்கு தனியா ஒரு ஆயாவ எங்க தேடுறது?”

“நாலாவது?”

“நாலாவது ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாரு.”

தண்ணி, கட்டடம், பதினோரு பிள்ளை, ஆயா. அவள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடியே கொழுந்தெடுக்கும் நிரைக்குத் திரும்பினாள். துரைக்கு மனசில்லை என்று அவள் வருடக்கணக்காகச் சொல்லிவந்தாள். கண்டாக்கையா அடுக்கியதில் மனசு என்ற சொல்லே வரவில்லை. முதலில் அது அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. கொழுந்துக் கூடை பாதி நிறைவதற்குள் ஆத்திரம் போய், உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்தது. துரையின் மனசை அவளால் கொண்டுவந்து வைக்க முடியாது. தண்ணீரைத் தேடிப் பார்க்கலாம்.

அன்று மாலையே வீரய்யாவைப் பிடித்தாள். அவன் கவ்வாத்து ஆள். தேயிலைச் செடி வெட்டிக்கொண்டு மலையின் இண்டு இடுக்கெல்லாம் போய் வருகிறவன்.

“மேல எங்கயாச்சும் ஊத்து இருக்கா?”

“ஏழாம் நம்பர் மலையில, பாறைக்குக் கீழ. அதுலதான் நாங்க கத்தி தீட்டுறது.”

“வெயில் காலத்துல?”

“மாசி, பங்குனியிலகூட நிக்காது.”

இருவரும் வாளியோடு போனார்கள். வீரய்யா வாளியைப் பிடிக்க, வடிவு எண்ணினாள். நாற்பது எண்ணுவதற்குள் வாளி நிறைந்தது. ஊற்றிலிருந்து கீழே, லயக்கோடியில் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த பழைய உர ஸ்டோர் வரை வீரய்யா எட்டு வைத்து அளந்தான். நூற்றிருபது எட்டு. ஸ்டோரின் தகரக்கூரையில் ஓர் ஓட்டைகூட இல்லை.

அடுத்த இரண்டு நாளும் வடிவு லயம் லயமாகக் கதவைத் தட்டினாள். பதிவில் பதினொன்று, வீடுகளில் ஐந்து வயதுக்குக் கீழே இருபத்தொன்பது. தூரத்துக்குப் பயந்து மற்றவர்கள் அனுப்பவே இல்லை. சிலர் பள்ளிக்கூடம் போகிற மூத்த பெண்ணை நிறுத்திக் காவலுக்கு வைத்திருந்தார்கள். கடைசி லயத்துக் காளியாயியின் அறையில் மட்டும் ஆறு பிள்ளைகள் உருண்டுகொண்டிருந்தன. மலையில் சறுக்கி விழுந்து கால் உடைந்தபின் காளியாயிக்கு வேலை நின்றுபோயிருந்தது.

“இத்தன பேரையும் நீயா பாத்துக்கிற, அக்கா?”

“வேற யாரு? வேலைக்குப் போறவ விட்டுட்டுப் போறா. அழுதா சும்மா இருக்க முடியுமா?”

வடிவு அங்கேயே தரையில் உட்கார்ந்து தாளை எழுதினாள். முந்தைய தாள்களில் ‘எல்லாரிடமும்’ என்றிருந்த முதல் பதில் ‘தோட்டத்துத் துரையிடம்’ ஆனது. மூன்றாவது ஒரு வரியில் நின்றது. நாலாவதும் ஐந்தாவதும், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு, பின்பக்கம் வரை போயின. எழுத்துப் பிழை நிறைய இருந்தது. ஒரு மூலையில் யாரோ ஒரு பிள்ளையின் ஈரக்கை பதிந்துவிட்டது.

ஞாயிறன்று ஹலீம் மாஸ்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். சிவப்புப் பென்சிலைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

“மூணாவதுக்கு, தாய்மார் படுற பாட்டை ஒரே வரியில முடிச்சிட்டீங்களே?”

“அது தொரைக்குத் தெரியுங்க, மாஸ்டர். தினமும் பாக்குறாரு. அவருக்குத் தெரியாதத எழுதியிருக்கேன்.”

மாஸ்டர் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். “பேசுங்க, அக்கா” என்றார்.

அவள் பேசினாள். பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் பொன்னையா எழுந்து வந்து, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தோட்டத்து ஒஃபிசில் பேச்சுவார்த்தை நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் துரை, பக்கத்தில் கண்டாக்கையா. இந்தப் பக்கம் பொன்னையாவும் வடிவும். அந்த ஒஃபிசுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பொன்னையா தாளை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே துரை கையைத் தூக்கினார்.

“தண்ணி இல்லை.” தோட்டத்துத் தமிழ் அவருக்குச் சரளமாக வந்தது.

“இருக்குங்க. ஏழாம் நம்பர் மலையில. நாப்பது எண்ணுறதுக்குள்ள ஒரு வாளி நெறையுது. பங்குனியிலயும் நிக்காது. நூத்தி இருபது எட்டுக்கு பீலி போட்டா ஸ்டோருக்கே வந்திடும்.”

“எந்த ஸ்டோர்?”

“பூட்டிக் கெடக்குற ஒர ஸ்டோருங்க. கூர நல்லா இருக்கு. கழுவி வெள்ளையடிக்கிற வேலைய நாங்களே செஞ்சு தாறோம்.”

துரை கண்டாக்கையாவைப் பார்த்தார். கண்டாக்கையா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “ஸ்டோர் காலிதான், சேர்” என்றார்.

“பதிவில் பதினொரு பிள்ளை.”

“பதிவுல பதினொண்ணு, வீட்டுல இருபத்தொம்பது. பேரு எல்லாம் அந்தத் தாள்ல இருக்குங்க. பக்கத்துல வச்சா அத்தனையும் வரும். அந்தத் தாய்மாரு பகல்ல ஒன்றர மைல் எறங்கி ஏறுற நேரத்துல கொழுந்து எடுப்பாங்க. ஆயாவும் இருக்காங்க, காளியாயி. சும்மாவே ஆறு பிள்ளையப் பாத்துகிட்டு இருக்காங்க.”

துரை தாளைத் திருப்பினார், திரும்பவும் திருப்பினார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

“உனக்குக் கொடுத்தால் நாளைக்கு மற்றப் பிரிவும் கேட்கும். அதற்கு என்ன சொல்கிறாய்?”

அது தாளில் இல்லை. கண்டாக்கையா அதைச் சொல்லவே இல்லை. பொன்னையா தொண்டையைக் கனைத்தார். வடிவு நிமிர்ந்தாள்.

“கேக்கட்டுங்க, தொரை. கேட்டா, தண்ணி எங்க இருக்கு, கட்டடம் எங்க இருக்கு, பிள்ளைகள யாரு பாத்துக்குவான்னு அவங்களையும் கேளுங்க. பதில் வச்சிருந்தா குடுங்க. இல்லாட்டி, தேடிகிட்டு வான்னு அனுப்புங்க. நான் அப்படித்தான் வந்தேன்.”

துரை வாய்விட்டுச் சிரித்தார். கண்டாக்கையாவும் குனிந்துகொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் துரை பேனாவை எடுத்தார். மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம், சரியாக நடந்தால் நிரந்தரம் என்றார்.

வெளியே வந்ததும் பொன்னையா, “அந்தக் கடைசி கேள்விக்கு எனக்கே பதில் தெரியல, தங்கச்சி” என்றார். ஒஃபிஸ் படியிலிருந்து மேற்பிரிவு வரை ஏறுகிற பாதையை அன்று வடிவு ஓடியே கடந்தாள். லயத்து முனைக்கு வந்ததும் இரண்டு கையையும் வாயருகே குவித்து, “கெடச்சிருச்சுடீ!” என்று கத்தினாள். ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது. அங்கிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்து, நிரை நிரையாகப் பரவி வந்தது.

தைப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் ஸ்டோர்க் கதவு திறந்தது. சுவரில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. மூங்கில் பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டில் கட்டக் கம்பில் இடம் போதவில்லை. இருபத்தொன்பது எதிர்பார்த்த இடத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகள் வந்திருந்தன. காளியாயி ஒரு கையால் கம்பை ஊன்றி, மறு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, போக மனமில்லாமல் வாசலில் முட்டிக்கொண்டு நின்ற தாய்மாரை விரட்டினாள்.

“போங்கடி, போங்கடி! இப்பத்தான் மொதல் தடவையா பிள்ளைய பாக்குறீங்களா? பெரட்டு கலைஞ்சிறப் போகுது!”

அவர்கள் சிரித்துக்கொண்டே கூடைகளைத் தலையில் மாட்டினார்கள். எல்லோருக்கும் முன்னால் வடிவு நடந்தாள்.