கழித்ததில் மிஞ்சியது

…பூஜ்யம்தானே வந்தது, மேவ் ஒன்றும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லையே, நேற்று மெர்வினின் மனைவி கோரலின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோதுகூடக் குரல் இடறவில்லையே, பிறகு ஏன் தேநீரை ஆறவிட்டு அந்தக் கணக்கையே மறுபடி போட்டுப் பார்க்கிறாள். ஆஸ்பத்திரிச் சன்னலுக்குக் கீழே நியூகாசில் கடல், பாறைகளை ஒட்டிக் கட்டிய உப்புநீர்க் குளம், அதில் காலை நீச்சல்காரர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு கண் திறந்தும் எதையும் பார்க்காமல் கிடக்கும் மெர்வின் அங்கேதான் தினமும் நீந்துவாராம், அதனால்தானே நினைவு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க மேவ் அவரை ஸ்கேன் எந்திரத்துக்குள் வைத்து, குளத்தில் நீந்துவதாக நினையுங்கள் என்றாள், அரை நிமிடம் போனதும் ஓய்வெடுங்கள் என்றாள், மறுபடி நீச்சல், மறுபடி ஓய்வு… நீந்தும்போது மூளையில் தெரியும் வேலையிலிருந்து ஓய்வில் தெரிவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நினைவு. ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று மதியம் உணவு செலுத்தும் குழாயை எடுத்துவிடப் போகிறார்கள்.

“நீ அவரை என்ன செய்யச் சொன்னேன்னு இப்பதான் நர்ஸ் சொன்னா, சிரிச்சிட்டேன் கண்ணு,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த கோரல், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. “என் வீட்டுக்காரர் ஓய்வெடுன்னா எடுக்கிற ஆளா? அலை பெருசா வருது, ஏறுங்கன்னு காவல்காரன் விசில் ஊதி ஊதி வாய் வலிச்சு நிப்பான். மனுஷன் இன்னும் ஒரே சுத்துன்னு போயிட்டே இருப்பார். காலைக்கு அவிச்சு வச்ச முட்டை எத்தனை ஆறிப் போயிருக்கு தெரியுமா.”

மேவ் தன் கோப்பையைக் கீழே வைத்தாள். ஓய்வெடுங்கள் என்றபோதும் அவர் நிறுத்தவே இல்லையென்றால்… நீச்சலிலிருந்து நீச்சலைக் கழித்தால் பூஜ்யம்தானே, கல்லுக்கும் பூஜ்யம், விடாமல் நீந்துகிறவருக்கும் பூஜ்யம், எப்படித் தோன்றாமல் போனது, அல்லது இது கோரலின் ஆசையா, தன்னுடைய பயமா. பள்ளியில் ஒருநாள் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டபோது அவளே கோபத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், வரவில்லை என்று போட்டுவிட்டார்கள், வகுப்பு நடுவில் இருந்துகொண்டே நாள் முழுக்க இல்லாதவளாக இருந்தாள். மூளையில் இத்தனை கோடி நரம்பணுக்கள் மின்னி மின்னி எந்த இடத்தில் ‘நான்’ ஆகிறது என்றுதானே இந்த வேலைக்கே வந்தாள்…

“கோரல், குழாயை இன்னைக்கு எடுக்க வேண்டாம். நான் டாக்டர்கிட்ட பேசறேன்.”

பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. கோரல் அதைப் பார்க்கவில்லை. “அப்போ உள்ள இருக்காரா?”

தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடி ஸ்கேன் எடுக்கலாம், வேறுவிதமாகக் கேட்கலாம், ஆனால் எதைக் கேட்டாலும் அவர் செய்தால்தானே தெரியும், செய்யப் பிடிக்காவிட்டால்? இத்தனை வருடமாக அவள் தேடியது மனத்தையே அல்ல, சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறாள். போன வருடம் அதே எந்திரத்துக்குள் போன தபால்காரர், அவருக்கு முன்னால் அந்தச் சுருட்டைமுடிப் பெண், அவர்களுக்கும் பூஜ்யம்தான், அவர்களுக்கும் குழாயை எடுத்தார்கள்… அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.