வாரம் ஒரு மூட்டை மரத்தூள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினாலு தொட்டிகள் இருக்கின்றன. பதினாலிலும் அடி இலைகள் மஞ்சள். தக்காளி, கத்தரி, மிளகாய், எலுமிச்சை என்ற பாகுபாடே கிடையாது. கீழிருந்து ஒவ்வொரு இலையாக வெளுத்து, ஒரு வாரம் தொங்கிவிட்டு, உதிர்ந்துவிடும். உச்சியில் இரண்டு சின்ன இலைகள் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். தினமும் காலையில் தையல் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் மாடிக்குப் போய் அந்தக் கண்றாவியைப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்தால் எரிச்சல், பார்க்காவிட்டால் கவலை.

செடி வளர்க்கும் ஆசையெல்லாம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எல்லாம் என் வீட்டுக்காரரின் வலது கைக்காகத்தான்.

அவர் தச்சர். இருபத்தாறு வருஷம் ஒரே பட்டறை, அங்கே எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. நல்ல கைராசிக்காரர் என்று பெயர். அவர் மாட்டிய கதவு அடைமழையிலும் இழுக்காமல் பிடிக்காமல் மூடும். போன வருஷம் மரம் அறுக்கிற மெஷின் அந்தக் கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. மிச்ச விரல்கள் விறைத்துப்போய்விட்டன. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினம் இருநூறு தடவை அமுக்கச் சொன்னார். இவர் இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. ஏன் என்று கேட்டால், "பந்து வெச்சு விளையாட நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று என் மேலேயே பாய்ந்தார்.

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு நாள் நர்சரியிலிருந்து நாலு தக்காளி நாற்றும் ஒரு மூட்டை மண்ணும் வாங்கிவந்து அவர் முன்னால் போட்டேன். "எனக்குத் தைக்கவே நேரம் பத்தலை. இதைக் கொஞ்சம் பிசைஞ்சு தொட்டியில போட்டுக் குடுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பிசைந்தார். அடுத்த வாரமும் பிசைந்தார். நாலு தொட்டி பதினாலானது. மூன்று மாதத்தில் அந்த விரல்கள் பாதி மடங்கின. டாக்டர் எல்லாம் பந்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டார், நானும் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை தோறும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பட்டறைக்குப் போய் ஒரு மூட்டை மரத்தூள் கொண்டுவருவார். "பட்டறை ஆளுங்க ஆசையா எடுத்து வெச்சுக் குடுக்கறாங்க" என்பார். அதை மண்ணோடு கலப்பார், தொட்டியின் மேலும் தூவுவார். "மரத்துலேர்ந்து வந்தது செடிக்கு ஆகாமப் போகுமா?" என்று ஒரு கேள்வி வேறு. பார்க்கவும் சுத்தமாக இருந்தது, மண்ணும் பொலபொலவென்று இருந்தது. நானும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

இப்படி இருக்கும்போதுதான் மஞ்சள் வந்து சேர்ந்தது. ஒரு நாள் காலை அவர் கத்தரிச் செடி முன்னால் குந்தியிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தது செடியை அல்ல, தன் வலது கையை.

"இனிமே எனக்கு இந்த வேலை வேணாம்மா" என்றார். "இந்தக் கைக்கு ராசி போயிடுச்சு. தொட்டதெல்லாம் வெளுக்குது."

"கைக்கும் இலைக்கும் என்னங்க சம்பந்தம்? உளறாதீங்க."

"நீயும்தானே தினம் பாக்கறே."

எனக்கு அழுகையும் வந்தது, அந்தச் செடியை வேரோடு பிடுங்கித் தெருவில் வீசலாம் என்றும் வந்தது. செடி செத்தால் இவர் மண்ணைத் தொட மாட்டார். மண்ணைத் தொடாவிட்டால் அந்த விரல்கள் பழையபடி விறைத்துவிடும். கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதம் தவணை வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் செடி தேறாவிட்டால் அவர் இஷ்டம் என்று பேச்சு.

அன்றைக்கே ஒரு மஞ்சள் இலையைக் கொண்டுபோய் நர்சரிக்காரியிடம் காட்டினேன். அந்தப் பெண்ணிடம் நாலு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நரைத்துவிடும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அடி இலையா, நுனி இலையா?"

"அடி இலை."

"நைட்ரஜன் பத்தலை. புது இலைக்கு வேணும்னு பழைய இலையில இருக்கறதைச் செடியே உறிஞ்சிக்குது. கடலைப் புண்ணாக்கை மூணு நாள் ஊற வை. ஒண்ணுக்குப் பத்து தண்ணி சேத்து ஊத்து. பத்து நாளைக்கு ஒரு தடவை."

அவ்வளவுதான், திரும்பிக்கொண்டாள். மரத்தூளைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

புண்ணாக்கை ஊற வைத்தேன். மூன்றாம் நாள் வாளியின் மூடியைத் திறந்ததும் நானே நாலடி பின்னால் போனேன். கீழ் வீட்டு டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்துவிட்டார்.

"ஏங்க, மாடியில ஏதாவது செத்துக் கிடக்கா?"

"இன்னும் சாகலை டீச்சர். சாகாம இருக்கத்தான் மருந்து ஊத்தறேன்."

பத்தாம் நாள் ஊற்றினேன், இருபதாம் நாள் ஊற்றினேன். நடுவில் மக்கிய சாண எருவும் தொட்டிக்கு இரண்டு கை போட்டேன். ஊற்றியது, போட்டது எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. இலை மட்டும் மஞ்சளாகவே இருந்தது. டீச்சர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இவரோ நாள்காட்டியைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு அறை வாங்கியிருக்கலாம்.

தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. அன்று சனிக்கிழமை, அவர் மூட்டை எடுக்கப் போயிருந்தார். நான் கத்தரித் தொட்டியை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அவள் தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு உருவினாள்.

"இது தொட்டியா, மரக்கடையா? இவ்வளவு தூளை யாரு போட்டது?"

"எங்க வீட்டுக்காரர். தச்சர்."

"அதானே பாத்தேன். வேற யாருக்கு இது தோணும்?" தூளை உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினாள். "பச்சைத் தூள் மண்ணுக்குள்ள மக்கறதுக்கே நைட்ரஜன் கேக்கும். நீ ஊத்தின புண்ணாக்கை எல்லாம் இதுதான் தின்னிருக்கு. செடி பட்டினி. மண்ணை மாத்து, தூளை நிறுத்து. தூள் போட்டே ஆகணும்னா, புண்ணாக்கும் சாணமும் சேத்துத் தனியா ஒரு பெட்டியில மக்க விடு. ஆறேழு மாசத்துல கறுப்பாகி மண் வாசனை வரும். அப்புறம் போடு. மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, சொல்லிட்டேன். அதைப் பாத்துட்டு வந்து என்கிட்ட அழாதே."

கையில் ஒரு குறையும் இல்லை! எனக்கு அந்த நர்சரியிலேயே குதிக்கலாம் போலிருந்தது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதம் நாற்றத்தில் நின்றது நான், டீச்சரிடம் பேச்சு வாங்கியது நான். செடியை மறுபடி தொட்டியில் திணித்து, நேராகப் பட்டறைக்கு நடந்தேன். இனி ஒரு பிடி தூள்கூடக் கொடுக்கக் கூடாது என்று அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் மறு வேலை.

பட்டறை முதலாளி இவரைவிட வயதில் சின்னவர். என்னை வாசலில் பார்த்ததும் ஓடிவந்து வழியை மறித்தார்.

"அண்ணி, நான் வேணாம்னுதான் சொன்னேன். அண்ணன் கேக்க மாட்டேங்கறார்."

"என்ன வேணாம்னு சொன்னீங்க?"

அவர் திரும்பி உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு என் வீட்டுக்காரர் பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இடது கையில் துடைப்பக் கட்டை. வலது கையின் மிச்ச விரல்கள் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. மெஷினுக்கு அடியில் கிடந்த தூளைக் கூட்டிக்கூட்டி ஒரு மூலையில் சேர்த்தார். அவர் பக்கத்தில் வரும்போது ஆட்கள் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்கள். ஆசையாக எடுத்து வைத்துக் கொடுத்தவர் யாரும் அங்கே இல்லை.

அத்தனை பேருக்கும் அளவு சொன்ன மனுஷன். கைக்கு வேலை இல்லாமல் உள்ளே நுழைய ஒரு சாக்கு வேண்டுமே, அந்தச் சாக்குதான் மூட்டை. தூள் வேண்டாம் என்று சொன்னால் இவருக்குப் பட்டறை போகும். சொல்லாமல் விட்டால் கை போகும். தொட்டியை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன், என்ன செய்வது என்று ஒரு மண்ணும் தெரியவில்லை.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பம் முதுகுக்குப் பின்னால் போனது.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

அந்தத் துடைப்பத்தை ஒளித்தாரே, அதில்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ராசி போச்சு, ராசி போச்சுன்னு ஒரு மாசமா என் உயிரை வாங்கினீங்களே! உங்க கைக்கு ஒண்ணும் ஆகலை. எல்லாம் இந்தத் தூள் பண்ற வேலை. நான் ஊத்தின உரத்தை எல்லாம் இதுதான் தின்னுட்டிருக்கு!"

மெஷின் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் பாதி நிரம்பியிருந்த மூட்டையைப் பார்த்தார்.

"அப்போ... இனிமே தூள் வேணாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாரு வேணாம்னா? வேணும். வாரம் ஒரு மூட்டை வந்தே ஆகணும். ஆனா பச்சையாப் போடக் கூடாது. சாணமும் புண்ணாக்கும் சேத்து மக்க வைக்கணும். அதுக்கு மூடி போட்ட பெட்டி வேணும். பெட்டி இல்லாம எதுல கொட்டுவேன், என் தலையிலயா?"

"பெட்டிதானே அண்ணி? நம்ம ஆளுங்க ஒரு மணி நேரத்துல..." என்று முதலாளி ஆரம்பித்தார்.

"உங்க ஆளுங்க வேலை எனக்கு வேணாம். மேஸ்திரி செய்யட்டும்."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேஜையில் கிடந்த துண்டுப் பென்சிலை வலது கையால் எடுக்கப் பார்த்தார். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"எவ்வளவு அகலம் வேணும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் துணிக்குத்தான் அளவெடுப்பேன்."

அன்று சாயங்காலமே பதினாலு தொட்டி மண்ணையும் மாற்ற உட்கார்ந்தோம். பிசைந்தது அவர். தொட்டிக்கு இரண்டு கை எரு, பத்து நாளைக்கு ஒரு தடவை புண்ணாக்குத் தண்ணீர், டீச்சரின் முறைப்பு. மூன்று வாரத்தில் எலுமிச்சை முதலில் துளிர்த்தது. அப்புறம் மிளகாய். புது இலை கரும்பச்சையாக வந்தது. மஞ்சள் இலைகள் மஞ்சளாகவே இருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டார்.

பெட்டிக்கு நாலு சனிக்கிழமை ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி வண்டியில் ஏற்றி அனுப்பினார். நாற்றத்துக்கு விடிவு வந்தது என்று டீச்சரே மேலே வந்துவிட்டார். "எவ்வளவு அழகா இருக்கு! இந்தக் கையை வெச்சுக்கிட்டுப் பண்ணிட்டீங்களே" என்று கண் கலங்கினார். அவர் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தையற்காரி. கோணல் என் கண்ணுக்குத் தப்பாது.

"மூடி கோணல்" என்றேன்.

டீச்சர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். என் வீட்டுக்காரர் குனிந்து, மூடியின் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார்.

"ஆமா. இடது மூலை மூணு நூல் அளவு தூக்கலா இருக்கு." எரிச்சலோடு நிமிர்ந்தார். "பட்டறையில ஒருத்தன் வாயைத் திறக்கலை பாரு. எல்லாரும் சூப்பர் சூப்பர்ங்கறான். கண்ணு எங்க வெச்சிருக்கானுங்களோ! அந்தத் திருப்புளியை எடு."

எடுத்துக் கொடுத்தேன். திருகாணிகளைக் கழற்றி, மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போட்டிருந்த அழுக்குச் சட்டையோடு, சவரம்கூடச் செய்யாமல் பட்டறைக்குக் கிளம்பிப் படியிறங்கினார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று மாடியிலிருந்து கத்தினேன். யார் கேட்டார்கள்?