சீதன வீடு

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நண்டுக் கொம்பனியின் பின்பக்கத்துத் தண்ணீர்த் தாங்கியின் நிழலில், லூர்த்தம்மா தன் போனை ஜசிந்தாவின் கையில் வைத்தாள். இலக்கங்களை அவளே அடித்துவைத்திருந்தாள். அழுத்துவது மட்டுந்தான் மிச்சம்.

“ஆருக்கக்கா?”

“பொம்பிளையளுக்கு உதவி செய்யிற இடம். நான் அங்காலை நிக்கிறன். நீ கதை, பிள்ளை.”

காலையில் நண்டுத் தட்டைத் தூக்கியபோது ஜசிந்தாவின் இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். மற்றவர்கள் இனிப் பார்த்து நடக்கும்படி சொல்லிவிட்டுச் சதை பிரிக்கத் தொடங்கினார்கள். லூர்த்தம்மா மட்டும் அந்தத் தட்டை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். வாய் ஓயாத மனுசி. குருநகரில் எந்த வீட்டுக் கதையும் அவளைத் தாண்டாமல் ஊருக்குள் போனதில்லை. காலை முழுதும் ஜசிந்தா பயந்துகொண்டிருந்தது அந்த வாய்க்குத்தான். ஆனால் அது திறக்கவேயில்லை.

தன்னுடைய போனிலிருந்து அழைக்க முடியாது. கணவன் ஜெரிசன் ஒவ்வொரு நாளும் அதை வாங்கி, யார் எடுத்தது, யாருக்கு எடுத்தது என்று பார்ப்பான். இந்த உதவி இலக்கத்தைப் பற்றி அவளும் எங்கேயோ பார்த்திருக்கிறாள். கொழும்பில் யாரோ சிங்களத்தில் எடுப்பார்கள், தனக்கு வாய் வராது என்று விட்டுவிட்டாள். இப்போது மணி அடித்து, ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னது.

“தமிழிலை கதைக்கலாமோ, மிஸ்?”

“ஓம், தமிழிலையே கதையுங்கோ. இப்ப நீங்கள் நிக்கிற இடத்திலை கதைக்கிறது உங்களுக்குப் பயமில்லைத்தானே?”

அவள் திரும்பிப் பார்த்தாள். லூர்த்தம்மா வாசலை அடைத்துக்கொண்டு, தன் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே நின்றாள். பயமில்லை என்றாள் ஜசிந்தா.

முதலில் அவனுடைய நல்ல குணங்களைத்தான் சொன்னாள். கடல் தொழிலில் நல்ல உழைப்பாளி, கோயில் வேலைக்கு முன்னுக்கு நிற்பவன், மகள் டிலக்சியில் உயிர். பிறகு கையைப் பற்றிச் சொன்னாள். கதவு நிலையோடு சேர்த்து அவன் முறுக்கியதைச் சொன்னாள். ஒருமுறை அவனுடைய சித்தப்பா யாகோப்புவிடம் முறையிட்டதையும், அவர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்துச் சமாதானமாக அனுப்பிவைத்ததையும், அந்தத் தேத்தண்ணீருக்கும் சேர்த்து வீட்டில் அடி விழுந்ததையும் சொன்னாள். அந்தக் குரல் இடையில் மறிக்கவில்லை. ஏன் இவ்வளவு காலம் பொறுத்திருந்தாய் என்று கேட்கவுமில்லை. அவள் பேச்சு நின்ற இடங்களில் “ஓம்” என்று மட்டும் சொல்லி, அவள் தொடரும்வரை காத்திருந்தது.

பின்னேரம் வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். அதைத் தன் வாயால் அவள் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

போகத் தேவையில்லை என்றது குரல். கையை முதலில் டொக்டருக்குக் காட்டவேண்டும், அங்கே ஒரு பெண் உத்தியோகத்தர் வந்து சந்திப்பார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டிக்கொள்ளலாம், கொஞ்ச நாள் தங்கப் பாதுகாப்பான இடமும் இருக்கிறது. கொஞ்ச நாளுக்குப் பிறகு எங்கே போவது என்று ஜசிந்தா கேட்டாள். தாய்வீட்டில் தங்கச்சி குடும்பம் இருக்கிறது. இடமில்லை.

“இப்ப இருக்கிற வீடு ஆரின்ரை?”

“என்ரை சீதன வீடு, மிஸ்.”

“அப்ப, அவர் அந்த வீட்டுக்கை வரக்கூடாதெண்டு கோர்ட்டிலை கட்டளை கேக்கலாம். நீங்கள்தான் வெளிக்கிடவேணுமெண்டில்லை.”

அந்த வீட்டுக்கு ஜசிந்தாவின் அப்பா கல் சுமந்திருக்கிறார். இந்த வருடங்களில் எத்தனையோ விதமாக அங்கிருந்து ஓடிப்போவதை நினைத்திருக்கிறாள். கொடிகாமத்துக்கு, வவுனியாவுக்கு, சிலநேரம் கடலுக்குள். அவன் வெளியே போகலாம் என்பது ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை. அழுகை வருமென்று நினைத்தாள், வந்தது பசி. லூர்த்தம்மா தன் சோற்றுப் பெட்டியை நீட்டினாள், அவள் பாதியைச் சாப்பிட்டாள்.

சொன்னபடியே எல்லாம் நடந்தன என்றில்லை. பொலிசில் நெடுநேரம் காத்திருக்கவேண்டி வந்தது. அம்மா வந்து குடும்ப மானத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு, கழுத்தோடு துணியால் தூக்கிக் கட்டியிருந்த கையைக் கண்டதும் பாதியில் நிறுத்தினாள். நீதிமன்ற விறாந்தையில் ஜெரிசன் எல்லாருக்கும் முன்னால் அழுதான். அதைத்தான் ஜசிந்தாவால் தாங்க முடியவில்லை.

“பிள்ளைக்காக எண்டாலும் யோசி.”

“பிள்ளைக்காகத்தான் வந்தனான்” என்றாள்.

வழக்கின் அடுத்த தவணை வரைக்கும் அவன் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுத்தார். அதற்குப் பிறகு என்னவென்று அவளுக்குத் தெரியாது. கொழும்புக் குரலுக்குத் தகவல் சொல்ல, தன்னுடைய போனிலிருந்தே அழைத்தாள். வேறொரு பெண் எடுத்தாள். முதலில் கதைத்தவரின் பெயரைக் கேட்டுவைக்காதது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போகிறேன் என்று அவவுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள்.

வீடு புழுங்கிக் கிடந்தது. யன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்பு மூட்டி, ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பின்னேர வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. ஜெரிசனின் வள்ளத்து எஞ்சின் சத்தம் அவளுக்குத் தெரியும். இடையிடையே இருமுவதுபோல் விக்கும். அது இறங்குதுறைப் பக்கம் கேட்டபோது அவளுடைய கை நின்றது. விக்கி விக்கி வந்த எஞ்சின் அணைந்தது. குசினிச் சட்டிகள் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி, ஈர்க்குக் கட்டால் தட்டித் தட்டி டிலக்சி பாண்ட் வாத்தியம் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஜசிந்தா அவளை அடக்கவில்லை. கைக்கெட்டிய மூடியொன்றை எடுத்து, அதையும் யன்னல் வழியே அவளிடம் நீட்டினாள்.