கன்றின் மணி

கிட்ட வாங்க கண்ணுகளா, அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்க. அஃப்ரா பழிதீர்த்த கதையைச் சொல்றேன்.

கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த மாடுகள் செப்டம்பரில் கீழே இறங்கும். ஒன்றுகூடச் சாகாமல் திரும்பினால்தான் தலையில் பூக்கிரீடம். ஒன்று செத்தாலும் மொத்த மந்தையும் வெறுந்தலையோடு வரவேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் அதை மீறியவர் கிடையாது.

போன வருஷம் அஃப்ராவின் மாடுகள் வெறுந்தலையோடுதான் வந்தன. பக்கத்து மேய்ச்சல்காரன் விகில், தன் ஆடுகளை ஓட்டிப்போகப் பாறை விளிம்பு வேலியைப் பிரித்தான், திரும்பக் கட்டவில்லை. அவளுடைய மூத்த பசு அந்த வழியாக விழுந்து செத்தது. அதோடு விட்டானா? சர்ச் வாசலில் கூட்டத்துக்கு நடுவே, "என்ன அஃப்ரா, உன் பக்கம் பூவே பூக்கலியா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நெஞ்சுக்குள் வைத்து வளர்த்தாள்.

இந்த வருஷம், இறங்க நாலு நாள் இருக்கையில், விகிலின் கன்று ஓடைப் பள்ளத்தில் விழுந்து செத்தது. கல்லைப் போட்டு மூடினான். அவசரத்தில் கழுத்து மணியைக் கழற்ற மறந்தான். மேலே மரங்களுக்கு நடுவிலிருந்து பார்த்த அஃப்ரா, அவன் போனதும் கல்லைப் புரட்டி மணியை எடுத்தாள். சத்தம் வராமலிருக்க உள்ளே பாசியைத் திணித்தாள்.

தன் மாடுகளைப் பூவோடு முந்தின நாளே இறக்கிவிட்டு, மறுநாள் தெருவோரம் காத்திருந்தாள். விகிலின் மந்தை வந்தது. தலைக்குத் தலை கிரீடம், பட்டு நாடா.

"இந்த வருஷமும் ஒரு குறையுமில்லப்பா!" என்று தொப்பியை ஆட்டினான்.

அஃப்ரா பாசியைப் பிடுங்கிவிட்டு மணியை ஒரே தடவை ஆட்டினாள்.

கிரீடம் வைத்த சிவலைப் பசு நின்றது. காதைத் திருப்பியது. அடித்தொண்டையில் கத்திக்கொண்டு வரிசையை உடைத்து ஓடிவந்தது. மணியை முகர்ந்தது, அவள் பாவாடைக்குப் பின்னால் கன்றைத் தேடியது.

தெருவோரம் நின்றவர்கள் எல்லாரும் விகிலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதோட கன்னு எங்கடா விகில்?" என்றார் கொல்லர்.

"அது... பின்னால வருது..."

"ஆமா, ஓடைப் பள்ளத்துல கல்லுக்கடியில வருது," என்றாள் அஃப்ரா. "கழட்டுடா. ஒண்ணொண்ணா, உன் கையாலயே."

கழற்றினான். கடைசிக் கிரீடமும் சேற்றில் விழுந்தபின் அவள் மெல்லக் கேட்டாள்:

"என்ன விகில், உன் பக்கமும் பூக்கலியா?"

அவன் தலை நிமிரவில்லை. அவளுக்கு அது தேனாய் இனித்தது. பசு மட்டும் அவள் கையிலிருந்த மணியை நக்கிக்கொண்டே நின்றது.

நாலு காலோ, ரெண்டு காலோ, உங்க வீட்டு வாசலைத் தாண்டிப் போனதெல்லாம் ஒண்ணும் குறையாமத் திரும்பி வரட்டும், கண்ணுகளா.